குழல் நீளமா, குட்டையா?

கேள்வி: மகன் கனடாவில் இருக்கிறான். மான் வேட்டைக்கு .308 (அங்குலத்தில் தோட்டாவின் விட்டம்) ரைஃபிள் வாங்கப் போகிறானாம். 20 அங்குலக் குழலா, 24 அங்குலமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: 20 போதும் அண்ணே. குழல் நீண்டால் குறி தப்பாது என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சு. நீளம் தருவது வேகம்தான், அதுவும் .308-இல் அங்குலத்துக்கு விநாடிக்குச் சுமார் 20, 25 அடி, ஆக நாலு அங்குலம் குறைந்தால் வேகத்தில் எண்பது, நூறடி குறையும், 200 மீட்டருக்குள் நிற்கிற மானுக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. புதருக்குள் நுழையவும் குட்டைதான் வசதி, சத்தம்தான் காதைப் பிளக்கும். எடையில் கவனம்: ரொம்ப லேசாக எடுத்தால் தோளில் உதை பலமாக விழும், ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) மூன்றரை கிலோ சரியாக இருக்கும். அப்புறம், லீவுக்கு வரும்போது நாகமலைப் பக்கம் முயலுக்குக்கூட ஆசைப்பட வேண்டாம்; 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.