24 வயசு பொண்ணுக்கு கார்டியன் யாரும் கிடையாது: மதுரை தோழருக்கு ஒரு பதில்

கேள்வி: மதுரைல ஒரு சின்ன பெண்கள் குழுல இருக்கோம். 24 வயசுலயும் 26 வயசுலயும் ரெண்டு பொண்ணுங்க, ஒருத்தரை ஒருத்தர் விரும்புறவங்க, வீட்டுல அடி தாங்காம எங்ககிட்ட வந்து தங்குனாங்க. சின்னவளோட வீட்டுல காணோம்னு கம்ப்ளைன்ட் குடுக்க, போலீஸ் வந்து கூட்டிட்டு போய் அப்பா அம்மாகிட்ட ஒப்படைச்சிட்டாங்க. இப்ப அவ போன் ஸ்விட்ச் ஆஃப். டாக்டர்கிட்ட காட்டி "சரி பண்ண" போறாங்களாம். எங்க மேல கடத்தல் கேஸ் போடுவோம்னு வேற மிரட்டுறாங்க. போஸ்டர் ஒட்டி ஆர்ப்பாட்டம் பண்ணலாமா?

பதில்: தோழர், போஸ்டர அப்புறம் பாப்போம், இப்ப உங்களுக்கு நேரம் தான் முக்கியம். 24 வயசு ஆன பொண்ணு எங்க இருக்கணும் யார் கூட இருக்கணும்னு அவ தான் சொல்லணும், அப்பா அம்மாவா இருந்தாலும் அவங்க கார்டியன் கிடையாது, அதனால ஸ்டேஷன்ல வச்சு "ஒப்படைச்சோம்"னு சொல்றாங்களே அதுக்கு சட்டத்துல இடமே இல்ல. காணோம்னு கம்ப்ளைன்ட் வந்தா ஆள கண்டுபிடிச்சு, அவகிட்ட ஸ்டேட்மென்ட் வாங்கி, விருப்பப்பட்டு தான் வந்தேன்னு சொன்னா ஃபைல க்ளோஸ் பண்ணிட்டு போகணும், அவ்வளவு தான் அவங்க வேலை. இது நான் சொல்றது இல்ல, உங்க ஊர் பொண்ணுங்க ரெண்டு பேர் சென்னைக்கு போய் ஹைகோர்ட்ல வாங்குன ஆர்டர், 2021 ஜூன் 7, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்டது. அந்த கேஸ்ல தான் "மாத்துறோம்"னு சொல்லி குடுக்குற வைத்தியத்துக்கும் தடை வந்துச்சு. 2022ல தேசிய மருத்துவ ஆணையமும் அப்படி வைத்தியம் பாக்குறது டாக்டருக்கு தொழில்முறை தவறுன்னு சொல்லிடுச்சு, அதனால எந்த ஆஸ்பத்திரின்னு தெரிஞ்சா அங்க உடனே எழுத்துல ஒரு லெட்டர் குடுத்துடுங்க.

இப்ப செய்ய வேண்டியது ஆட்கொணர்வு மனு, அதாவது அடைச்சு வச்சிருக்குற ஆள கோர்ட் முன்னாடி கொண்டு வர சொல்லி கேக்குற மனு, கோர்ட்ல நாங்க ஹெச்சிபின்னு சொல்லுவோம், ஹைகோர்ட்டோட மதுரை பெஞ்ச்லயே போடலாம். யார் போடறதுன்னு குழப்பமே வேணாம், அந்த 26 வயசு பொண்ணே போடலாம். அஃபிடவிட்ல "நான் அவளோட காதலி"ன்னு எழுத பயமா இருந்தா தோழின்னு மட்டும் எழுதுங்க போதும், 2025 மே மாசம் வேலூர் பக்கத்து கேஸ் ஒண்ணுல மனு போட்ட பொண்ணு அப்படி தான் எழுதியிருந்தாங்க, நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் லக்ஷ்மிநாராயணனும் அந்த தயக்கம் எங்களுக்கு புரியுதுன்னு தீர்ப்புலயே எழுதுனாங்க. யாருக்காக மனு போட்டாங்களோ அந்த பொண்ணுக்கு 25 வயசு தான், அங்கயும் போலீஸ் வீட்டுக்காரங்க கூட அனுப்பி வச்சிட்டாங்க, வீட்டுல அடிச்சிருக்காங்க, சடங்கெல்லாம் பண்ணியிருக்காங்க. கோர்ட் அவகிட்ட நேரா பேசிப் பாத்துட்டு அவ இஷ்டப்படி போகலாம்னு விட்டுச்சு, வீட்டுக்காரங்க தலையிடக்கூடாதுன்னும் சொல்லுச்சு, கல்யாணம் மட்டும் தான் குடும்பத்துக்கு வழின்னு இல்லன்னும் சொல்லுச்சு. இந்த தீர்ப்ப மனுவோட சேத்து வைங்க.

கூடவே 2024 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் தேவு நாயர் கேஸ்ல சொன்னதையும் வக்கீல்கிட்ட ஞாபகப்படுத்துங்க. இந்த மாதிரி மனுவ சீக்கிரம் எடுக்கணும், பொண்ணுகிட்ட வீட்டாளுங்க இல்லாம தனியா பேசணும், கவுன்சிலிங்னு சொல்லி மனச மாத்தப் பாக்கக்கூடாது. பல கேஸ்ல கோட்ட விடறது இங்க தான், அம்மா பக்கத்துல நின்னு அழுதுட்டு இருக்கும்போது "நீ யார் கூட போற"ன்னு கேட்டா எந்த பொண்ணால வாய தொறக்க முடியும்?

மனுவுக்கு அவ வயசுக்கு ஆதாரம், பத்தாவது மார்க் ஷீட் போட்டோ இருந்தா கூட ஓகே. உங்க கூட இருந்தப்ப அனுப்புன வாய்ஸ் மெசேஜ், "நானா தான் வந்தேன்"னு எழுதுன வாட்ஸ்அப், எதையும் அழிக்காதீங்க, போன மாத்தாதீங்க.

கடத்தல் கேஸ் மிரட்டலுக்கு வரேன். கார்டியன்கிட்ட இருந்து கடத்துறதுங்கற செக்ஷன், பழைய ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 137, அது 18 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கும் மனநிலை சரியில்லாதவங்களுக்கும் தான். இப்ப புரியுதா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறதுக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்னு? எல்லா வீட்டுலயும் இந்த கணக்கு இருக்குன்னு சொல்ல மாட்டேன், ஆனா மனநோயாளின்னு ஒரு சீட்டு வந்துட்டா உங்களுக்கும் சிக்கல், அவளுக்கு அதவிட பெரிய சிக்கல், அதான் நாளைக்கு பாத்துக்கலாம்னு விடாதீங்கன்னு சொல்றேன். அடுத்து நகை. "அஞ்சு பவுன் எடுத்துட்டு ஓடிட்டா"ன்னு கம்ப்ளைன்ட் வரும், அவ எத கொண்டு வந்தா, பையில என்ன இருந்துச்சுன்னு இப்பவே தேதி போட்டு எழுதி வைங்க.

போன்ல கூப்பிட்டு ஸ்டேஷனுக்கு வாங்கன்னா போக வேண்டியதில்ல. சாட்சியா விசாரிக்கணும்னா எழுத்துல தான் கூப்பிடணும், அதுவும் பெண்கள அவங்க இருக்கற வீட்டுக்கே வந்து தான் விசாரிக்கணும், போலீஸ் விசாரணை எப்படி நடக்கணும்னு சொல்ற பிஎன்எஸ்எஸ் சட்டத்தோட 179வது பிரிவு இது. தமிழ்நாட்டு போலீஸ் நடத்தை விதில 2022ல 24-சின்னு ஒண்ணு சேத்தாங்க, எல்ஜிபிடி ஆட்களையும் அவங்களுக்காக வேலை செய்றவங்களையும் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு, அந்த ரெண்டாவது பாதி உங்களுக்கு தான். இத குறிப்பிட்டு கமிஷனருக்கு ரிஜிஸ்டர் போஸ்ட்ல ஒரு புகார் அனுப்பிடுங்க.

அவ வெளிய வந்தப்புறம் வீட்டாளுங்க மறுபடி வந்து நின்னா குடும்ப வன்முறை சட்டம் இருக்கு. புருஷன் மேல மட்டும் தான் போடலாம்னு நிறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க, கூட வாழ்ந்த அப்பா, அண்ணன் மேலயும் பொண்ணு பாதுகாப்பு ஆர்டர் கேக்கலாம், 2016 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் அம்மா மேலயும் கேக்கலாம். ஒரே பாலினத்தவங்க கல்யாணத்துக்கு 2023ல சுப்ரீம் கோர்ட் அங்கீகாரம் தரல, அது உண்மை தான், ஆனா சேந்து வாழறதுக்கு அது தடை இல்ல.

ஆர்ப்பாட்டம் பத்தி கேட்டீங்க. உங்க கோவம் நியாயம், ஆனா அவ பேரு, போட்டோ, தெரு, காலேஜ் எதையும் போஸ்டர்லயோ ஃபேஸ்புக்லயோ போட்டுடாதீங்க, ஊருக்கு சொல்லணுமா வேணாமான்னு அவ இன்னும் சொல்லல, அவளுக்காக நாம சொல்லிட முடியாது. பொதுவா போலீஸ் நடத்தைய கண்டிச்சு, அனுமதி வாங்கி பண்றதுன்னா பண்ணுங்க, ஆனா மனு ஃபைல் ஆன பிறகு.

வக்கீல் ஃபீஸ் யோசிச்சு தயங்க வேணாம், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம், பெஞ்ச் வளாகத்துலயே சட்டப் பணிகள் குழு இருக்கு, சட்ட உதவி ஹெல்ப்லைன் 15100க்கும் கூப்பிடலாம். நாளைக்கு காலைல அந்த 26 வயசு தங்கச்சிய ஆதார் கார்டோட கூட்டிட்டு போங்க, அஃபிடவிட்ல அவ கையெழுத்து தான் முதல்ல வேணும்.