பெட்டி டிக்கியில் ஏறும் முன்

கேள்வி: முதல்முறையாக வெளிநாடு போகிறேன். விமானம் இறங்குவது இரவு 11 மணிக்கு. வாசலிலேயே டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள் என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: தேடி வருகிறவர் யாராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முறையான டாக்ஸி ஓட்டுநர் வெளியே வரிசையில் நிற்பார். வண்டியை விட்டுவிட்டு உள்ளே வந்தால் அவருடைய முறை போய்விடும். எனவே கட்டடத்துக்குள் வந்து உங்கள் பெட்டியில் கை வைப்பவர் பெரும்பாலும் தரகர். அவருடைய கமிஷனும் உங்கள் தலையில்தான் விழும். கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்து மயங்காதீர்கள். லேமினேஷன் எந்த ஊரிலும் கிடைக்கும்.

கிளம்பும் முன்பே மூன்று எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: தூரம், அந்த நேரத்தில் ஆகும் நிமிடங்கள், வழக்கமான வாடகை. விமான நிலையத்தின் சொந்த இணையதளத்திலேயே பெரும்பாலும் இவை கிடைக்கும். மீட்டருக்கு மேல் எதெல்லாம் சேரும் என்பதையும் பாருங்கள். பாங்காக்கின் சுவர்ணபூமியில் விமான நிலையக் கட்டணமும் விரைவுச்சாலைச் சுங்கமும் முறைப்படியே தனி. அதைக் கேட்டதற்காக ஓட்டுநரோடு சண்டைக்குப் போனால் தவறு நம்முடையது. அங்கே இயந்திரத்தில் எடுக்கும் சீட்டை இறங்கும்வரை நீங்களே வைத்திருங்கள். புகார் கொடுக்க அதுதான் ஆதாரம்.

கேள்வி: மீட்டர், நிலையான கட்டணம், ப்ரீபெய்டு. எது லாபம்?

பதில்: நெரிசல் நேரத்தில் நிலையான கட்டணம், சாலை காலியாக இருந்தால் மீட்டர். வண்டி நின்றாலும் ஊர்ந்தாலும் மீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நிலையான கட்டணம் என்றால் அதன் எல்லை எது என்று பாருங்கள், சிக்கல் அங்கேதான் வரும். நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையத்தில் மஞ்சள் டாக்ஸிக்கு மன்ஹாட்டன் வரைதான் அந்தக் கட்டணம். புரூக்ளின் போனால் மீட்டர். ரோமில் பழைய அவுரேலியன் மதிலுக்கு உட்பட்ட பகுதிக்கு ஒரு கட்டணம் வைத்திருக்கிறார்கள். ஹோட்டல் மதிலுக்கு வெளியே இருந்தால் அது செல்லாது. பாரிஸில் செயின் நதியின் எந்தக் கரை என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். ஏறும் முன் கேட்க வேண்டியது: "இது வண்டிக்கா, ஆளுக்கா? பெட்டியும் சுங்கமும் சேர்த்தா?"

ப்ரீபெய்டில் ஒரே ஒரு விஷயம். இந்திய நிலையங்களில் கவுண்டரில் தரும் சீட்டின் ஓட்டுநர் பிரதியைக் காட்டித்தான், நீங்கள் அங்கே முன்கூட்டிக் கட்டிய பணத்தை ஓட்டுநர் வாங்க முடியும். ஏறியதும் கேட்பார். கொடுக்காதீர்கள். வாசலில் இறங்கி, பெட்டியையும் எடுத்த பிறகு கொடுங்கள்.

கேள்வி: செயலியில் கார் பதிவு செய்தேன். அதை என்னையே ரத்து செய்துவிட்டு, அதே தொகையைக் கையில் தரச் சொன்னார் ஓட்டுநர். செய்யலாமா?

பதில்: கூடாது. ரத்தானதும் பயணத்தின் பதிவே இல்லை. வழியில் தொகை ஏறினாலும், பொருளை வண்டியில் மறந்தாலும் கேட்க ஆளில்லை. ரத்துக் கட்டணமும் உங்கள் கணக்கில் விழலாம். "நீங்களே ரத்து செய்யுங்கள்" என்று சொல்லி அடுத்த வண்டியைப் பாருங்கள்.

காரை வரவழைப்பது கட்டடத்துக்குள் இருக்கும்போதே நடக்கட்டும்; வெளியே போனால் நிலையத்தின் வைஃபை அறுந்துவிடும். செயலி வண்டிகள் நிற்கும் இடமும் வேறு: சில நிலையங்களில் வாகன நிறுத்தத்தின் மேல் தளம், சிலவற்றில் புறப்பாட்டு வாசல். வண்டி வந்ததும் நம்பர் பிளேட்டைச் சரிபார்த்து, "யாரைக் கூட்டிப்போக வந்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நம் பெயரை நாமே சொல்லிவிட்டால் எவரும் ஆமாம் என்பார். பல விமானங்கள் ஒன்றாக இறங்கியதால் தொகை எகிறியிருந்தால் பதினைந்து நிமிடம் காத்துப் பாருங்கள், பெரும்பாலும் இறங்கிவிடும்.

கேள்வி: மீட்டர் போட்டும் ஏமாற்றுவார்களா?

பதில்: போடுவார்கள், ஆனால் எந்தக் கட்டணத்தில் என்று பாருங்கள். பல ஊர் மீட்டர்களின் ஓரத்தில் சின்னதாக ஓர் எண் தெரியும்: பகலுக்கு ஒன்று, இரவுக்கோ ஊர் எல்லை தாண்டினாலோ இன்னொன்று. பட்டப்பகலில் ஊருக்குள்ளேயே இரவு எண் எரிந்தால் அங்கேயே கேளுங்கள். டோக்கியோவில் இரவு 10 முதல் காலை 5 மணி வரை 20 சதவீதம் கூடுதல் வழக்கத்தில் இருப்பது. நீங்கள் இறங்கும் 11 மணிக்கு அது நியாயமானதே.

அடுத்தது நோட்டு மாற்றுவது. ஐம்பது கொடுத்திருப்பீர்கள், கை மறைவில் ஐந்தைக் காட்டி "இதுதான் தந்தீர்கள்" என்பார். நீட்டும்போதே தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏடிஎம் பெரிய நோட்டாகத்தான் தள்ளும். நிலையத்துக்குள்ளேயே ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிச் சில்லறையாக்குங்கள். கார்டில் கட்டுவதாக இருந்தால், மெஷின் வேலை செய்கிறதா என்பதைப் பெட்டி டிக்கியில் ஏறும் முன் கேட்டுவிட வேண்டும். போய்ச் சேர்ந்தபின் அது "கெட்டுப்போயிருக்கும்", பக்கத்து ஏடிஎம்முக்குப் போகவும் மீட்டர் ஓடும்.

தகராறு வந்தால் காருக்குள் பேசாதீர்கள். பெட்டியை இறக்கி, ஹோட்டல் வரவேற்பு மேசைக்கு ஓட்டுநரையும் கூப்பிடுங்கள். டாக்ஸி எண் அச்சான ரசீது கேட்டாலே பாதிப் பேர் தொகையைக் குறைத்துவிடுவார்கள்.