வார்டைத் தாண்டிய வைத்தியம்: சிஸ்டரிடம் கேளுங்கள்

மனநல வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர், வேலூர் வட்டாரத்துக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி (குடியாத்தம்): சிஸ்டர், தம்பியை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்கிறார் டாக்டர். வார்டு நர்ஸோ "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்கிறார். ஏன்?

பதில்: கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லைம்மா. மாத்திரையை நிறுத்திவிட்டு, முற்றிப்போய்த் திரும்பி வருகிறவர்கள்தான் வார்டில் வேலை பார்க்கிறவர்கள் கண்ணில் படுகிறார்கள். தேறி, தறியில் உட்கார்ந்து லுங்கி நெய்கிறவரும் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிறவரும் "நல்லாயிருக்கேன்" என்று சொல்ல வார்டுப் படியேறுவார்களா? வருஷக்கணக்கில் இதையே பார்த்தால், வெளியே விட்டால் கெடுவார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். கிராமத்துக்குப் போய் வீடு வீடாகப் பார்த்த ஊழியர்களின் பேச்சே வேறு. என்னைக் கேட்டால், வார்டு ஊழியர்களுக்குப் பத்து வகுப்பு எடுப்பதைவிட அவர்களை ஒரு மாதம் அப்படி ஊருக்குள் அனுப்பலாம். பெரிய ஆஸ்பத்திரியை விட்டு பி.எச்.சி.க்கு, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் மதிப்புக் குறையும் என்ற நினைப்பும் சிலருக்கு உண்டு, வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

தம்பிக்குத் தூக்கம் குறைந்தாலோ, தனியாகப் பேசினாலோ, வீட்டாரையே சந்தேகப்பட்டாலோ மறுபடி முற்றும்வரை காத்திருக்காதீர்கள். எப்போது கூட்டி வரவேண்டும் என்று டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (காட்பாடி, கல்லூரி மாணவர்): ஆஸ்பத்திரியிலேயே வைக்காமல் குடும்பத்தோடு வைத்துப் பார்ப்பதெல்லாம் வெளிநாட்டு யோசனைதானே மேடம்?

பதில்: பாகாயம் பக்கத்தில்தானே தம்பி இருக்கிறது! அங்கே சி.எம்.சி. மனநல மையத்தில், உறவினர் ஒருவர் நோயாளியோடு தங்கிப் பார்த்துக்கொள்கிற வழக்கம் 1950களிலேயே வந்துவிட்டது. அம்ரித்சரில் டாக்டர் வித்யா சாகர் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்க வைத்ததும் அந்தக் காலத்தில்தான்.

கேள்வி (ராணிப்பேட்டை): அப்படியானால் மனநல ஆஸ்பத்திரிகளை மூடிவிடுவார்களா?

பதில்: இத்தாலி 1978இல் சட்டம் போட்டு அந்த வழியில் போனது. நம் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குடும்பம் சேர்க்கவில்லை, வீடில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை உள்ளேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. "சரி, அவர் எங்கே போவார்?" என்று ஊழியர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். அதை மாற்றத்துக்கு எதிர்ப்பு என்று தள்ளிவிடுவது தப்பு. தங்குவதற்கு இல்லங்கள் போதாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி (அணைக்கட்டு): மாத்திரைக்காக வேலூர் போனால் ஒரு நாள் கூலி போகிறது, சிஸ்டர்.

பதில்: 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியதே இதற்காகத்தான். உங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். பழைய சீட்டை மறக்காமல் கொண்டுபோங்கள். ராத்திரியில் அவசரமாகப் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.