கட்டிங் மேசைக்கும் தையல் லைனுக்கும் நடுவில்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ப்ரொடக்‌ஷன் இன்சார்ஜாக இருக்கிறேன். வயது 31. எங்கள் கட்டிங் மாஸ்டரும் தையல் லைன் சூப்பர்வைசர் அக்காவும் மூன்று வாரமாக நேரில் பேசிக்கொள்வதில்லை. ஒரு ஹெல்ப்பர் பையன்தான் இங்கும் அங்கும் சேதி கொண்டுபோகிறான். வெட்டி வரும் துணியே அளவு குறைகிறது என்கிறார் அக்கா. இழுத்து இழுத்துத் தைத்தால் அளவு எப்படி நிற்கும் என்கிறார் மாஸ்டர்.

போன மாதம் கம்பெனியில் இரண்டு நாள் கோச்சிங் பயிற்சி கொடுத்தார்கள். உத்தரவு போடுவதைக் குறைத்துக் கேள்வி கேளுங்கள் என்றார்கள். இருவரையும் என் அறைக்குக் கூப்பிட்டு, “ஏன் இப்படி நடந்துக்கிறீங்க?” என்று கேட்டேன். மாஸ்டர் எழுந்து போய்விட்டார். அவருக்கு என் அப்பா வயது. இதெல்லாம் ஏசி ஆபீஸுக்கு மட்டும்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கம்பெனிக்கும் இது பொருந்தும். நீங்கள் கேள்வி கேட்டதில் தப்பில்லை. கேட்ட சொல்லும் இடமும்தான் ஒத்துவரவில்லை. மேலே இருப்பவர் “ஏன்” என்று ஆரம்பித்தால் நம் காதில் அது விசாரணையாகவே விழும். பள்ளிக்கூடத்தில் “ஏன் லேட்டு?” என்று கேட்ட யாரும் நம்மிடம் காரணத்தை எதிர்பார்க்கவில்லையே. அதிலும் சண்டைக்காரர் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது, வாயைத் திறந்தால் தோற்றுவிடுவோம் என்றுதான் தோன்றும்.

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். ஒரு தொழிற்சாலையில் ஆள் நிர்வாகம் பார்த்த முதல் வருடம், முறைத்துக்கொண்டிருந்த இரண்டு சூப்பர்வைசர்களை ஒன்றாக உட்காரவைத்துக் கை குலுக்க வைத்தேன். பத்து நாளில் சண்டை முன்பைவிட மோசமானது. அதில் ஒருவர் வேலையை விட்டார். போகும்போது, “என்கிட்ட தனியா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார்” என்றார். இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

அதனால் முதலில் தனித்தனியாகப் பேசுங்கள். மாஸ்டரை அறைக்குக் கூப்பிடாதீர்கள். வேலை ஓய்ந்த நேரமாகப் பார்த்து அவருடைய மேசைக்கே போங்கள். “மாஸ்டர், இந்த ஆர்டருக்குத் துணி உங்க கைக்கு எப்ப வந்துச்சு? வந்தப்புறம் என்ன நடந்துச்சு?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. அவர் நிறுத்தியதும் நமக்கு ஏதாவது சொல்லத் தோன்றும். சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் உண்மையான சேதி வரும். பேசி முடித்ததும், அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, “நான் புரிஞ்சுக்கிட்டது சரியா?” என்று கேளுங்கள். அப்புறம் அக்காவிடமும் இதே மாதிரி.

மாஸ்டரின் வயதை நினைத்துத் தயங்குகிறீர்கள். உங்களைவிட எத்தனையோ வருடம் கூடுதலாகத் துணியைப் பார்த்தவருக்கு நீங்கள் புத்தி சொல்வதுதான் சங்கடம். கேட்டுத் தெரிந்துகொள்வதில் என்ன சங்கடம்? அவருக்கும் அது மரியாதைதான்.

துணி வந்த நேரத்தைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பின்னல் துணி ரோலில் இழுபட்ட நிலையில் இருக்கும். பிரித்துப்போட்டுச் சில மணி நேரமாவது தளரவிட்டால்தான் இயல்பான அளவுக்கு வரும். அப்படி விடாமல் வெட்டினால், வெட்டிய பிறகு சுருங்கும். டையிங்கிலிருந்து தாமதமாக வந்த துணியை, ஷிப்மெண்ட் தேதிக்காக அன்றைக்கே வெட்டச் சொல்லியிருந்தால், மாஸ்டரும் அக்காவும் வேறு யாரோ செய்த அவசரத்துக்காக ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அவசரம் உங்களுடையதாகக்கூட இருக்கலாம். என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் கோச்சுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நீங்கள் மேலதிகாரி, கதைக்குள் இருப்பவர். “என் பக்கத்துல என்ன மாத்தணும்?” என்றும் கேட்கத்தான் வேண்டும்.

நிர்வாகம் பற்றி நிறைய எழுதிய மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1925-ல் சொன்ன ஒரு சின்ன அனுபவம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஹார்வர்டு நூலகத்தின் ஓர் அறையில், கூட இருந்தவர் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்றார். ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். ஆளில்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்கு வேண்டியது காற்று. ஃபாலெட்டுக்குத் தன் மேல் நேராக வாடைக்காற்று அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். பாதி ஜன்னலைத் திறப்போம் என்று சமரசம் பேசியிருந்தால் இருவருக்குமே நிறைவு இருந்திருக்காது. மாஸ்டரிடமும் அக்காவிடமும் நீங்கள் தேட வேண்டியது, அவரவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதைத்தான். அளவு குறைந்தால் அக்காவுக்கு என்ன நஷ்டம்? பிரித்துத் தைக்கும் நேரமா, லைன் பெண்கள் முன்னால் வாங்கும் பேச்சா? மாஸ்டரை உறுத்துவது என்ன?

அது தெரிந்த பிறகு இருவரையும் சேர்த்து உட்காரவையுங்கள். பழைய கணக்கைத் திறக்காமல், “அடுத்த ஆர்டர்ல எதை மாத்தலாம்?” என்று மட்டும் கேளுங்கள். முதல் பண்டிலைத் தைத்து இருவரும் சேர்ந்து டேப் வைத்துப் பார்த்துவிட்டு மீதியை வெட்டலாம் என்று எனக்கே தோன்றுகிறது. ஆனால் அதை நீங்கள் சொன்னால் உத்தரவாகிவிடும். அவர்கள் வாயிலிருந்து வரட்டும்.

இன்னொன்று. மாஸ்டர் அந்த அக்காவை ஏதும் தகாத வார்த்தை சொன்னாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. முதலில் அதை அக்காவிடம் தனியாகக் கேளுங்கள். பாலியல் தொல்லை என்றால் இந்தக் கேள்வி முறைகள் எதுவும் அங்கே கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். புகார் அங்கேதான் போக வேண்டும். அந்தச் சட்டத்தில் சமரசம்கூட, பாதிக்கப்பட்ட பெண் தானாகக் கேட்டால் மட்டும்தான். சாதியைச் சொல்லித் திட்டியிருந்தாலும் நீங்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்கும் விஷயமல்ல அது.

அப்படி எதுவும் இல்லையென்றால் நாளைக்கே மாஸ்டரின் மேசைக்குப் போங்கள். எப்படிப் போனது என்று எழுதுங்கள். அந்த ஹெல்ப்பர் பையனை இன்றே சேதி சுமக்கும் வேலையிலிருந்து விடுவித்துவிடுங்கள். மாற்றிச் சொல்லிவிட்டான் என்ற பழி கடைசியில் அவன் தலையில்தான் விழும்.