இரும்புச் சட்டைக்குள் எப்படி மூச்சு விட்டார்கள்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி பழங்காலப் போர்க் கவசங்களைப் பற்றித்தான், அதனால் மற்றதை ஓரம் வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கே: உலகத்தில் முதன்முதலாகக் கவசம் போட்டது யார்? (பள்ளி மாணவர், தேனி)

ப: யார் என்று கை காட்ட முடியாது தம்பி. தோலும் துணியும் மண்ணுக்குள் மக்கிப் போய்விடும், உலோகம்தான் மிஞ்சும். கண்ணால் பார்க்கக் கிடைப்பவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று இன்றைய ஈராக்கில் இருந்த உர் நகரத்துப் பெட்டி ஒன்று, சிப்பியும் நீலக்கல்லும் பதித்தது, சுமார் கி.மு. 2500, இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வீரர்கள் தலைக்கவசமும் புள்ளி போட்ட நீள மேலங்கியுமாக வரிசையில் நடக்கிறார்கள். அந்தப் புள்ளிகள் அங்கியில் தைத்த உலோக வட்டுகள் என்று ஒரு சாரார், இல்லை சிறுத்தைத் தோல் என்று இன்னொரு சாரார். தலைக்கவசத்தில் மட்டும் தகராறு இல்லை, ஏனென்றால் அதே உர் நகரத்து அரச கல்லறைகளில் செம்புத் தலைக்கவசங்கள் மண்டையோட்டோடு நசுங்கிய நிலையிலேயே கிடைத்திருக்கின்றன.

கே: பழைய கிரேக்கக் கவசத்தின் படம் ஒன்று பார்த்தேன், தண்ணீர் டிரம்மை மாட்டிக்கொண்டு நிற்பது போல இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு சண்டை போட முடியுமா? (வாசகி, கோவை)

ப: நீங்கள் பார்த்தது டெண்ட்ரா கவசமாகத்தான் இருக்கும். கிரேக்கத்தில் டெண்ட்ரா என்ற கிராமத்துக் கல்லறை ஒன்றில் 1960ல் கிடைத்தது, கி.மு. 15ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள வெண்கலத் தகடுகள்தான் அத்தனையும்: மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, தோளுக்குத் தனியே வளைவான தகடுகள், மூக்கு வரை ஏறி நிற்கும் ஒரு கழுத்துப் பட்டை, இடுப்புக்குக் கீழே தோல் வாரில் அடுக்கடுக்காகத் தொங்கும் பட்டைகள். எல்லாம் சேர்த்து 15 கிலோவுக்குக் குறையாது. கூடவே காட்டுப்பன்றித் தந்தங்களைச் சீவி வரிசையாகத் தைத்த தலைக்கவசம் ஒன்றும் இருந்தது. பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட் காவியத்தில் ஒடிசியஸ் என்ற வீரன் இதே மாதிரி ஒன்றைத்தான் மாட்டிக்கொள்கிறான்.

உங்களுக்கு வந்த சந்தேகம் அறிஞர்களுக்கும் வந்தது. இது சும்மா சடங்குக்குச் செய்தது என்றார்கள் சிலர், தேரில் நிற்பவனுக்கு மட்டும்தான் சரிப்படும் என்றார்கள் வேறு சிலர். பல வருஷம் எழுதியே சண்டை போட்டார்கள். கடைசியில் ஒரு குழு, போட்டே பார்த்துவிடுவோம் என்று இறங்கியது (இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்). கிரேக்கக் கடற்காலாட்படை வீரர்கள் 13 பேர் அந்தக் கவசத்தின் நகலை அணிந்துகொண்டு 11 மணி நேரம் போலிப் போர் செய்தார்கள். ஹோமர் சொல்லும் சண்டைகளை வைத்தே பயிற்சியை வகுத்திருந்தார்கள். சாப்பாடும் அந்தக் காலத்து மாதிரிதான்: காய்ந்த ரொட்டி, மாட்டிறைச்சி, ஆட்டுப்பால் சீஸ், ஆலிவ், வெங்காயம், கொஞ்சம் சிவப்பு ஒயின். யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, நடந்தும் ஓடியும் குத்தியும் தாக்குப்பிடித்தார்கள். 2024ல் ஆய்வு வெளிவந்தது. ஆக, சண்டை போடலாம். ஆனால் வாட்டசாட்டமான, பழகிய உடம்பு வேண்டும். அதைவிட முக்கியம், அத்தனை வெண்கலத்துக்குக் காசு வேண்டும்.

கே: உலோகத்துக்கு முன்னால் தோல் கவசம்தான் இருந்தது, பிறகு வெண்கலம், பிறகு இரும்பு என்று படித்தேன். சரிதானே? (ஆசிரியர், விழுப்புரம்)

ப: பாடப்புத்தகத்துக்குச் சரி, நடந்தது அப்படி இல்லை. சீனாவின் துர்பான் பகுதியில் யாங்காய் என்ற இடத்துக் கல்லறையில் ஒரு தோல் கவசம் கிடைத்தது, கி.மு. 786க்கும் 543க்கும் இடைப்பட்டது, அதாவது டெண்ட்ரா வெண்கலத்துக்குப் பல நூறு வருஷம் பிந்தியது. 5,444 சின்னத் தோல் துண்டுகள், 140 பெரியவை. நாட்டு ஓடு வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்படி கோத்திருக்கிறார்கள். எடை நாலைந்து கிலோதான், ஆள் துணையில்லாமல் தானே மாட்டிக்கொள்ளலாம். பாலைவன வறட்சி இல்லாவிட்டால் இதுவும் மக்கியிருக்கும். மலிவும் லேசும் உள்ள பொருளை எவனாவது கைவிடுவானா? உலோகம் வந்த பிறகும் தோல் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

சீனாவின் முதல் சக்கரவர்த்தி சின் ஷி ஹுவாங்கின் கல்லறை வளாகத்தில் கல்லிலேயே செய்த கவசங்கள் கிடைத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல் துண்டுகளைச் செம்புக் கம்பியால் கோத்தவை. போருக்கு அல்ல, செத்தவருக்கு. அசல் கவசங்களில் துண்டுகளை எப்படிக் கோத்தார்கள் என்பதை இந்தக் கல் நகல்களை வைத்துத்தான் பல இடங்களில் ஊகிக்க முடிகிறது.

கே: ரோமானியர்கள் எல்லோரும் படத்தில் வருவது போலப் பட்டை பட்டையான இரும்புக் கவசமா போட்டார்கள்? (வங்கி ஊழியர், சென்னை)

ப: இல்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் சொல்வதைக் கேளுங்கள்: பத்தாயிரம் திராக்மாவுக்கு (கிரேக்க வெள்ளிக்காசு) மேல் சொத்துள்ளவன் இரும்பு வளையங்களைக் கோத்த வளையக் கவசம் போட்டான், மற்றவன் நெஞ்சுக்கு நேரே ஒரு சாண் வெண்கலத் தகட்டைக் கட்டிக்கொண்டு போனான். ஒரே படை, ஒரே வரிசை, எதிரே வரும் ஈட்டியும் ஒன்றுதான். கவச வரலாற்றில் என்னை எரிச்சல்படுத்தும் இடம் இதுதான்.

அந்த வளையக் கவசம் ரோமானியர்களுக்கு அக்கம்பக்கத்து ஐரோப்பிய மக்களான கெல்டியர்களிடமிருந்து வந்தது. ஒவ்வொரு வளையமும் பக்கத்து நாலு வளையங்களுக்குள் நுழையும், ஒரு வரிசை முழு வளையம், அடுத்த வரிசை முனையை நசுக்கி ரிவிட் அடித்தது, இப்படி ஆயிரக்கணக்கில். செய்ய மாதக்கணக்கில் ஆகும், ஆனால் கிழிந்த இடத்தில் நாலு வளையம் மாட்டினால் வேலை முடிந்தது. நீங்கள் சொல்லும் பட்டைக் கவசம் பிறகுதான் வருகிறது. அது குத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் கீல்களும் கொக்கிகளும் லொட்டு லொட்டென்று கழன்றுவிடும். இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் 1964ல் கிடைத்த கவசங்களில், உடைந்த கீலை எடுத்துவிட்டு நேராக ரிவிட் அடித்து ஒட்டுப்போட்ட தடங்கள் இருக்கின்றன, ஏதோ ஒரு பட்டறைக்காரன் அவசரத்துக்குச் செய்தது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் பட்டைக் கவசம் காணாமல் போகிறது, வளையக் கவசமோ அதற்கப்புறமும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஓடியது.

கே: நம் நாட்டில்? (அதே வங்கி ஊழியர், ஒட்டுக் கேள்வி)

ப: கி.மு. 326ல் அலெக்சாண்டரை எதிர்த்த போரஸ் மன்னனைப் பற்றி ஆரியன் என்ற கிரேக்க எழுத்தாளர் ஒன்று சொல்கிறார்: அவனுடைய மார்புக் கவசம் உறுதியிலும் உடம்போடு பொருந்துவதிலும் அபாரம், அம்புகள் உள்ளே போகவில்லை, மூடாமல் விட்டிருந்த வலது தோளில்தான் காயம் பட்டது. வலது கையை வீச வேண்டுமே, அங்கே எப்படி மூடுவது? தமிழிலும் சாட்சி இருக்கிறது. புறநானூறு 13ஆம் பாட்டில் சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி யானை மேல் வருகிறான், அவன் போட்டிருப்பது ‘புலிநிறக் கவசம்’, புலித்தோலில் செய்தது என்று பழைய உரை சொல்கிறது. அதை அம்பு கிழித்திருக்கிறது என்பதையும் அதைப் பாடிய புலவர் முடமோசியார் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்.