கேள்வி – பதில்: லெவன் பிளஸ் பரீட்சையும் நம் பிள்ளைகளும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லெவன் பிளஸ் எனப்படும், இங்கிலாந்தின் கிராமர் பாடசாலை (பரீட்சை வைத்துப் பிள்ளைகளைத் தெரிவுசெய்யும் அரச இடைநிலைப் பாடசாலை) நுழைவுப் பரீட்சையைப் பற்றியனவாக இருந்தமையால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கி, எழுதியவர்களின் பெயர்களை நீக்கித் தந்திருக்கிறேன்.

என் மகன் நான்காம் ஆண்டில் படிக்கிறான். கணிதத்தில் கெட்டிக்காரன். சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் ரியூஷனுக்கு அனுப்புகிறோம். வீட்டிலும் நாளுக்கு ஒரு மாதிரி வினாத்தாளைச் செய்விக்கிறேன். இருந்தும் ஆங்கில வாசிப்பிலும் வேர்பல் ரீசனிங்கிலும் (சொற்களை வைத்துத் தர்க்கமாகச் சிந்திக்கும் வினாக்கள்) ஆறு மாதமாக அதே புள்ளிகள்தான் வருகின்றன. இன்னொரு ரியூஷனிலும் சேர்க்கலாமா? – ஒரு தாய், சட்டன்

சேர்க்க வேண்டாம், அம்மா. இப்போது செய்விக்கும் வினாத்தாள்களையே பாதியாகக் குறைத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். விதைக்காத வயலுக்கு நாள்தோறும் நெல் அளக்கும் மரக்காலைத் தூக்கிக்கொண்டு போவதில் பயன் இல்லை. மாதிரி வினாத்தாள் பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்பதை அளந்து காட்டுமே தவிர, இல்லாத ஒன்றை உண்டாக்கித் தராது. உங்கள் மகனிடம் இல்லாதது ஆங்கிலச் சொல்வளம். தமிழ் பேசும் வீடுகளில் வளரும் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பரீட்சை இடறும் இடம் இதுதான் என்பதை, இலண்டன் ஆரம்பப் பாடசாலைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆற்றில் நீந்தப் போன சிறுவனைப் பற்றிய ஒரு பந்தியை என் மாணவன் ஒருவன் வாசித்தான். ‘கரண்ட்’ அச்சிறுவனைக் கரையிலிருந்து இழுத்துச் சென்றது என்று அதில் இருந்தது. எது இழுத்தது என்று கேட்டேன். ஆற்றுக்குள் மின்கம்பி அறுந்து விழுந்திருக்கிறது என்று தயங்காமல் பதில் சொன்னான். அவனுடைய வீட்டில் ‘கரண்ட்’ என்றால் மின்சாரம் ஒன்றுதான். நீரோட்டத்தையும் அதே சொல் குறிக்கும் என்பதையோ, செய்தித்தாளில் வரும்போது அது ‘நடப்பு’ என்ற பொருளைத் தரும் என்பதையோ அவனுக்கு யாரும் சொன்னதில்லை. வேர்பல் ரீசனிங் வினாக்களில் கணிசமானவை, ஒரே சொல்லின் இரு பொருள்களையும், ஒத்த சொற்களையும், எதிர்ச்சொற்களையும் சுற்றியே அமைகின்றன. இத்தகைய பிள்ளைக்கு நூறு வினாத்தாள்களைக் கொடுத்தாலும் அதே இடத்தில் நூறு தரம் விழுவான்.

கணிதத்திலும் இதே சிக்கல் ஒளிந்திருப்பதைப் பெற்றோர் பெரும்பாலும் காண்பதில்லை. 53 பிள்ளைகள் சுற்றுலா போகிறார்கள், ஒரு வாகனத்தில் 16 பேர் அமரலாம், எத்தனை வாகனங்கள் வேண்டும் என்ற கணக்குக்கு, வகுத்தலைப் பிழையின்றிச் செய்துவிட்டு ‘3, மீதி 5’ என்று எழுதிய பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். மீதி ஐந்து பேரைத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போவதா என்று கேட்டால்தான் நான்காவது வாகனம் நினைவுக்கு வருகிறது. வாய்ப்பாடு தெரிந்தும் வசனம் புரியாமல் போனதால் நேர்ந்த பிழை இது.

ஆகவே ஐந்தாம் ஆண்டின் தொடக்கம் வரை வாசிப்புக்கு முதலிடம் கொடுங்கள். ஊர் நூலகத்தில் பிள்ளைக்கு இலவசமாக உறுப்புரிமை எடுத்து, நாள்தோறும் இருபது நிமிடமாவது அவனோடு உட்கார்ந்து, ஒரு பக்கம் அவனும் ஒரு பக்கம் நீங்களுமாகச் சத்தமாக வாசியுங்கள். உங்கள் உச்சரிப்பு சரியில்லை என்று அவன் சிரித்தால் சிரிக்கட்டும். பரீட்சைப் பந்திகள் நூறு ஆண்டுக்கு முந்திய நடையிலும் வருவதுண்டு. ஆகையால் வேடிக்கைப் படக்கதைகளோடு நின்றுவிடாமல் பழைய சிறுவர் இலக்கியத்தையும் இடையிடையே சேர்த்துக்கொள்ளுங்கள். தெரியாத சொல் வந்தால் இருவருமாக அகராதியைப் பார்த்து, அதற்கு நேரான தமிழ்ச் சொல்லையும் சொல்லி, அந்த ஆங்கிலச் சொல்லை வைத்து அவனே ஒரு வசனம் எழுதும்படி செய்யுங்கள். ‘ரிலக்டன்ட்’ என்றால் ‘மனமில்லாத’ என்று ஒருமுறை தமிழில் விளங்கிக்கொண்ட பிள்ளை அதை மறப்பதில்லை. நாளுக்கு மூன்று சொற்கள் போதும்; ஓராண்டில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். கடைகளில் விற்கும் சொற்பட்டியல்களை மனப்பாடம் செய்விப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஏனெனில் வசனத்தோடு வராத சொல் பரீட்சை மண்டபத்தில் கைகொடுப்பதில்லை.

நேரம் வைத்து வினாத்தாள் செய்யும் பழக்கத்தை ஐந்தாம் ஆண்டின் ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகு தொடங்கினாலும் தாமதமில்லை. பல வட்டாரங்களுக்கு வினாத்தாள் தயாரிக்கும் ஜி.எல். அசெஸ்மென்ட் நிறுவனம் அறிமுக வினாத்தாள்களை இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. முதலில் அவற்றைச் செய்விக்கலாம். அப்போது விடைத்தாளைக் கையாளவும் சேர்த்துப் பழக்குங்கள். விடைகளைத் தனித் தாளில் சிறு கட்டங்களில் கோடிட்டுக் காட்ட வேண்டும். 17ஆம் வினாவை அப்புறம் பார்க்கலாம் என்று தாண்டிய பிள்ளை, 18ஆம் வினாவின் விடையை 17ஆம் கட்டத்தில் குறித்துவிட்டால், அதற்குப் பிந்திய விடைகள் எல்லாம் ஒரு படி மேலே ஏறிப் பிழையாகிவிடும். கெண்ட் பரீட்சையில் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் தலா 25 நிமிடங்களே கிடைப்பதால், அழித்துத் திருத்தவும் நேரம் இருக்காது.

ஸ்லவ்வில் இருக்கும் என் அக்காவின் மகள் பரீட்சையில் சித்தியடைந்தும் கேட்ட பாடசாலையில் இடம் கிடைக்கவில்லை. சித்தியடைந்தும் இடம் இல்லை என்றால் இது என்ன பரீட்சை? நாங்கள் ஹாரோவில் இருக்கிறோம். எந்தப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துவது? – ஒரு தந்தை, ஹாரோ

இலங்கையில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பழகிய நமக்கு, இங்கும் நாடு முழுவதற்கும் ஒரே பரீட்சை நடக்கிறது என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. இங்கிலாந்தில் இருப்பவை 163 கிராமர் பாடசாலைகள். பரீட்சையும் சேர்க்கும் விதியும் வட்டாரத்துக்கு வட்டாரம், சில இடங்களில் பாடசாலைக்குப் பாடசாலை, வேறுபடுகின்றன. பக்கிங்ஹாம்ஷயரில் 121, ஸ்லவ்வில் 111 என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். அதைத் தொட்ட பிள்ளைக்குத் தகுதி வந்துவிடும்; ஆனால் தகுதி பெற்றவர்கள் இடங்களைவிடக் கூடுதலாக இருந்தால், சகோதரர் படிக்கிறாரா, வீடு எத்தனை தூரம் என்பன போன்ற விதிகளைக் கொண்டே இடம் கொடுப்பார்கள். உங்கள் அக்காவின் மகளுக்கும் அவ்வாறே நேர்ந்திருக்கக்கூடும். ரெட்பிரிட்ஜில் உள்ள இரு கிராமர் பாடசாலைகளும் தமக்கென வரையறுத்த எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைகளைப் புள்ளி வரிசையில் எடுக்கின்றன. பெக்ஸ்லியில் மிக உயர்ந்த புள்ளி பெற்ற 180 பேருக்கு இடம் உறுதி. ஏனையோருக்கு அந்த உறுதி இல்லை.

ஹாரோவில் கிராமர் பாடசாலையே இல்லாதபடியால், நீங்கள் எங்கே விண்ணப்பித்தாலும் வெளி வட்டாரத்தவராகவே கருதப்படுவீர்கள். எனவே பயிற்சி நூல்களை வாங்குவதற்கு முன்னர், நீங்கள் விரும்பும் ஒவ்வொரு பாடசாலையின் அனுமதிக் கொள்கையையும் அதன் இணையதளத்தில் முழுமையாக வாசித்து, உங்கள் அஞ்சல் குறியீட்டுக்கு அங்கே இடமுண்டா என்று பாருங்கள். வாசித்தபின், ஒரு திங்கட்கிழமைக் காலை ஏழு மணிக்கு அந்தப் பாடசாலை வரை பேருந்திலோ ரயிலிலோ ஒருமுறை போய்ப் பாருங்கள். பதினொரு வயதுப் பிள்ளை ஏழு ஆண்டுகள் அந்த வழியால் போய்வர வேண்டும் என்பதைப் பெறுபேறு வந்த மகிழ்ச்சியில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

திகதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பரீட்சைகள் பெரும்பாலும் ஆறாம் ஆண்டு தொடங்கிய செப்டம்பரிலேயே நடப்பதால், பதிவு அதற்கு முந்திய கோடையிலேயே முடிந்துவிடும். கெண்டில் ஜூன் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜூலைத் தொடக்கத்தில் மூடிவிடுகிறார்கள். பக்கிங்ஹாம்ஷயர் அரச ஆரம்பப் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகள் தாமாகவே பதிவாகிவிடுவார்கள், வெளியில் இருப்பவர்கள்தான் பதிய வேண்டும். பெறுபேறு வழக்கமாக ஒக்டோபரில் வரும். அதன் பின்னர், ஒக்டோபர் 31ஆம் திகதிக்குள், நீங்கள் வசிக்கும் கவுன்சிலின் பொது விண்ணப்பத்தில் பாடசாலைகளின் பெயர்களை நிரப்ப வேண்டும். பரீட்சைக்குப் பதிந்ததே விண்ணப்பம் என்று எண்ணி இரண்டாவதைத் தவறவிட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். தகுதி பெற்ற பிள்ளை, விண்ணப்பத்தில் பெயர் இல்லாத காரணத்தால் வெளியே நின்றது.

இலண்டனில் ஆறு பாடசாலைகளைக் குறிப்பிடலாம். நீங்கள் எந்த வரிசையில் எழுதினீர்கள் என்பது பாடசாலைகளுக்குத் தெரியாது. கிராமரை முதலாவதாக எழுதினால் அடுத்த பாடசாலை கோபித்துக்கொள்ளும் என்ற கதையை நம்பாமல் உண்மையான விருப்ப வரிசையிலேயே எழுதுங்கள். ஆனால் ஆறில் ஒன்றாவது உங்கள் வீட்டுத் தூரத்துக்கு இடம் நிச்சயமாகக் கிடைக்கும் அயற்பாடசாலையாக இருக்கட்டும். முடிவு மார்ச் முதலாம் திகதியளவில் வரும்.

பரீட்சை முடியும்வரை தமிழ்ப் பாடசாலையையும் மிருதங்க வகுப்பையும் நிறுத்திவிடலாம் என்கிறார் கணவர். – ஒரு தாய், ஈஸ்ட் ஹாம்

நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு மூன்று மணி நேரம் மிச்சமாகும் என்று அவர் கணக்குப் பார்க்கிறார். அந்த மூன்று மணி நேரமும் இன்னொரு வினாத்தாளுக்குப் போகும், அதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது. இரு மொழிகளில் சொல்லையும் பொருளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு அது எப்படித் துணையாகும் என்பதை முதற் பதிலில் சொல்லியிருக்கிறேன். கடைசி இரண்டு மூன்று வாரங்கள் மட்டும் ஆசிரியரிடம் சொல்லி விடுப்பு எடுக்கலாம்.

எங்கள் மகள் ஓகஸ்ட் இறுதியில் பிறந்தவள். செப்டம்பரில் பிறந்த பிள்ளைகளைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது இளையவள். அவளுக்கு இது அநியாயம் அல்லவா? மேலும், பக்கிங்ஹாம்ஷயரில் புள்ளி 121 என்கிறார்கள். நூற்றுக்கு 121 எப்படி வரும்? – ஒரு தந்தை, ஸ்லவ்

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றே. அவர்கள் அறிவிப்பது தரப்படுத்திய புள்ளி. தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் 1970களில் இலங்கையின் பல்கலைக்கழக அனுமதியில் நம்மவர்கள் பட்ட பாடுதான் நினைவுக்கு வரும்; இங்கே செய்வது அதுவல்ல. பிள்ளை சரியாகச் செய்த வினாக்களின் எண்ணிக்கையை, அதே பரீட்சையை எழுதிய ஏனைய பிள்ளைகளோடும், பிறந்த மாதத்தோடும் ஒப்பிட்டு வேறோர் அளவுகோலுக்கு மாற்றுகிறார்கள். அந்த அளவுகோல் நூறோடு முடிவதில்லை. ஒரே எண்ணிக்கையிலான வினாக்களைச் சரியாகச் செய்த இருவரில், ஓகஸ்ட் பிள்ளைக்குச் செப்டம்பர் பிள்ளையைவிடச் சற்றுக் கூடுதலான புள்ளி கிடைக்கும். ஆகவே பரீட்சைத் தாளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இளைய பிள்ளைகளுக்கு உண்மையில் கடினமானது ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான். அதைக் கோடை விடுமுறையில் காலை வேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். வீட்டில் பலர் செய்வதுபோல இரவு ஒன்பது மணிக்குப் பழக்காதீர்கள்; பரீட்சை பெரும்பாலும் காலையில்தான் நடக்கும்.

என் பேத்திக்கு நான்கு புள்ளியால் தவறிவிட்டது. கோவிலில் எல்லாரும் ‘எங்கே கிடைத்தது’ என்று கேட்பார்கள் என்று வெள்ளிக்கிழமைகளில் வர மறுக்கிறாள். அவளுடைய தாயும் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இனி ஒன்றும் செய்ய முடியாதா? – ஒரு பாட்டி, கெண்ட்

செய்யலாம், அம்மா. பேத்தியின் தாயிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: தகுதி கிடைக்காத பிள்ளைக்கும் கிராமர் பாடசாலையின் பெயரை ஒக்டோபர் விண்ணப்பத்தில் எழுதலாம். மார்ச்சில் மறுப்புக் கடிதம் வந்தால் சுயாதீன மேன்முறையீட்டுக் குழுவிடம் முறையிடும் உரிமை உண்டு; கடிதம் கிடைத்ததிலிருந்து குறைந்தது 20 பாடசாலை நாட்கள் அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது விதி. பெயரை எழுதாவிட்டால் முறையிட வழியில்லை. குழுவினர் கண்ணீரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. பாடசாலை அறிக்கைகள், தலைமையாசிரியரின் கடிதம், வகுப்பு வேலைகள், பரீட்சை அன்று பிள்ளை சுகவீனமாக இருந்திருந்தால் மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். நான்கு புள்ளி என்பது முறையிட்டுப் பார்க்கத்தக்க இடைவெளிதான். வெல்வீர்கள் என்று என்னால் வாக்குத் தர முடியாது.

அத்தோடு, இங்கிலாந்தின் அரச இடைநிலைப் பாடசாலைப் பிள்ளைகளில் ஏறத்தாழ இருபதில் ஒருவரே கிராமரில் படிக்கிறார் என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். பெரும்பாலான கவுன்சில்களில் 1965க்குப் பிறகு கிராமர் முறையே படிப்படியாகக் கைவிடப்பட்டது. 1998ஆம் ஆண்டுச் சட்டம் புதிய கிராமர் பாடசாலைகளைத் தொடங்குவதையும் தடுத்துவிட்டது. மற்றைய பிள்ளைகளில் பல்கலைக்கழகம் போகிறவர்கள் வேறு பாடசாலைகளிலிருந்தே போகிறார்கள். பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சை முடிந்ததும் ஆறாம் படிவத்துக்கு (பாடசாலையின் கடைசி இரண்டு ஆண்டுகள்) வெளியிலிருந்து மாணவர்களை எடுக்கும் கிராமர் பாடசாலைகளும் பல உண்டு. அப்போது கேட்பது ஜி.சி.எஸ்.ஈ. பெறுபேறுகளையே.

கோவிலைப் பற்றிச் சொன்னீர்கள். வருகிற வெள்ளிக்கிழமை நீங்களே பேத்தியை அழைத்துக்கொண்டு போங்கள். யாராவது கேட்டால் அவள் வாய் திறப்பதற்கு முன்னர், ‘மார்ச்சில்தான் தெரியும்’ என்று நீங்கள் சொல்லிவிடுங்கள். அது பொய்யுமில்லை.