ஹெட் கேன்னா கல்வியா? பட்ஜெட் கோடு (code) பத்தி வாசகர் கேள்விகள்

கேள்வி: பட்ஜெட் விவாதம் டிவியில ஓடிக்கிட்டு இருந்துச்சு அக்கா. ஒரு எம்பி எழுந்திரிச்சு ஹெட் கேக்கு ஒதுக்குற தொகையில 100 வெள்ளி குறைக்கணும்னு சொன்னாரு. கேன்னா கல்வின்னு புரிஞ்சுது, ஆனா சுகாதாரத்துக்கு ஓன்னு சொல்றாங்களே, அது எப்படி? அதோட பிள்ளைங்க படிப்புக் காசுல போயி ஏன் 100 வெள்ளிய குறைக்கச் சொல்றாங்க? (ஈசூன் வாசகி)

பதில்: கேயும் கல்வியும் பொருந்துனது தற்செயல்தான்மா. சிங்கப்பூர் பட்ஜெட் புத்தகத்துல செலவ பெரிய தலைப்புகளாப் பிரிச்சு வச்சிருக்காங்க, அந்தத் தலைப்பத்தான் ஹெட்னு சொல்றது. அதுக்கு ஏ-ல (A) ஆரம்பிச்சு இசட் (Z) வரைக்கும் வரிசையா எழுத்து குடுத்திருக்காங்க. ஏ அதிபருக்கான செலவு, சி தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகம், எஃப் நாடாளுமன்றம், ஜே தற்காப்பு, கே கல்வி, ஓ சுகாதாரம், டபிள்யூ போக்குவரத்து, ஒய் பொதுக் கடன்னு போகும். 100 வெள்ளி குறைக்கச் சொல்றது பழைய நாடாளுமன்ற மரபு. அந்த அமைச்சோட செலவப் பத்திக் கேள்வி கேக்கணும்னா, பேசுறதுக்கு ஒரு தீர்மானம் வேணும்ல, அதுக்காகப் பேருக்கு 100 வெள்ளி வெட்டச் சொல்லிட்டுப் பேச வேண்டியதப் பேசுவாங்க, அமைச்சர் பதில் சொன்னதும் தீர்மானத்தத் திருப்பி வாங்கிக்குவாங்க. பிள்ளைங்க காசு எங்கயும் போகாது, பயப்படாதீங்க.

இந்த எழுத்துல எனக்குப் புடிச்ச விஷயம் என்னன்னா, அமைச்சோட பேரு மாறுனாலும் எழுத்து நிக்கும். தொடர்பு, தகவல் அமைச்சுன்னு இருந்தது 2024ல மின்னிலக்க மேம்பாட்டு, தகவல் அமைச்சுன்னு ஆச்சு, ஆனா பட்ஜெட் புத்தகத்துல அது அப்பவும் கியூ, இப்பவும் கியூ. பத்து வருஷத்துப் புத்தகத்த வரிசையா எடுத்து வச்சுப் பாக்குறவங்களுக்கு இது பெரிய உதவி.

எழுத்து, யாரோட பைன்னு மட்டும்தான் சொல்லும். அந்தப் பையிலேர்ந்து எதுக்குப் போச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னா அடுத்த பக்கத்துல இருக்குற நாலு இலக்க நம்பரப் பாக்கணும். 1500ன்னா நிரந்தர ஊழியர் சம்பளம், 1600 தற்காலிக, நாள் சம்பள ஊழியர், 2100 வாங்குற பொருளும் சேவையும், 2300 ஊழியர் பயிற்சி மாதிரி விஷயங்கள், 3500 தனிப்பட்ட ஆளுங்களுக்குப் போற சமூக உதவித்தொகை, 5100 அரசாங்கமே செய்யுற மேம்பாட்டு வேலை. கல்வியா இருந்தாலும் போக்குவரத்தா இருந்தாலும் 2100க்கு ஒரே அர்த்தம்தான். அதனாலதான் ரெண்டு அமைச்ச பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட முடியுது. ஒவ்வொரு அமைச்சும் தன் இஷ்டத்துக்கு ஒண்ணு ஸ்டேஷனரின்னும் ஒண்ணு அலுவலகச் சாமான்னும் ஒண்ணு சில்லறைச் செலவுன்னும் எழுதுனா மொத்தத்துல காகிதத்துக்கு எவ்வளவு போச்சுன்னு எந்தக் கணக்காய்வாளராலயும் சொல்ல முடியாது.

இன்னொன்ன மறக்காமப் பாருங்க. 2800ன்னு ஒண்ணு இருக்கு, இதர செலவு. எந்த நாட்டுப் பட்ஜெட்டா இருந்தாலும் நான் மொதல்ல பாக்குறது இந்த இதர செலவத்தான், போன வருஷத்தவிட ஏறியிருக்கா இறங்கியிருக்கான்னு.

கேள்வி: பாலர் பள்ளிக்கு அரசாங்கம் எவ்வளவு செலவு பண்ணுதுன்னு கல்வி அமைச்சுப் பக்கத்துல தேடுனேன், முழுசாக் கிடைக்கல. மறைக்கிறாங்களா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: மறைக்கல, வேற பையில இருக்கு. பாலர்பருவ மேம்பாட்டு அமைப்பு 2013ல வந்துச்சு, அத ரெண்டு அமைச்சு சேந்து மேற்பார்வை பாத்தாலும் அது இருக்குறது சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சோட குடைக்குள்ள, அதாவது ஹெட் ஐ. கல்வி அமைச்சு தானே நடத்துற பாலர் பள்ளிங்க செலவு கேல இருக்கும். ஆக ஒரே மாதிரி நாலு வயசுப் புள்ளைங்க ரெண்டு பேரோட படிப்பு ரெண்டு எழுத்துல போயி நிக்குது. யாரோட பைங்கிறதும் எதுக்காகங்கிறதும் வேற வேற கேள்விங்கிறது இதனாலதான், ரெண்டுக்கும் தனித்தனி கோடு வேணும்.

எதுக்காகங்கிற கேள்விக்கு ஐநா ஒரு பட்டியல் வச்சிருக்கு, இப்ப புழக்கத்துல இருக்குறது 1999ல வந்தது. உலகத்துல எந்த அரசாங்கம் செலவு பண்ணாலும் அத 10 பெரிய பிரிவுக்குள்ள அடக்கிடலாம்னு. 01 பொது நிர்வாகம், 02 தற்காப்பு, 07 சுகாதாரம், 09 கல்வி, 10 சமூகப் பாதுகாப்பு, இப்படி. பாலர் கல்வி 09ல வரும், வேலைக்குப் போற அம்மா அப்பாவுக்காக வெறுமனே புள்ளையப் பாத்துக்குற செலவுன்னா அது 10. பன்னாட்டுப் பண நிதியம் அரசாங்கக் கணக்குகளுக்குக் குடுக்குற வழிகாட்டிப் புத்தகத்துலயும் இதே பிரிவுங்கதான். ஒரு நாட்ட இன்னொரு நாட்டோட ஒப்பிடுறவங்க அமைச்சு பேர வச்சு ஒப்பிட்டா தப்பு வரும், சிங்கப்பூர்ல ஒரு அமைச்சுல இருக்குற வேலை மலேசியாவுலயோ இந்தியாவுலயோ வேற அமைச்சுல இருக்கும், இந்த 10 பிரிவ வச்சு ஒப்பிட்டாத்தான் பேச்சுல நியாயம் இருக்கும்.

கேள்வி: எங்கப்பா தஞ்சாவூர்ப் பக்கம் கருவூலத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. இன்னும் ஆஸ்பத்திரின்னா "2210", பள்ளிக்கூடம்னா "2202"ன்னு நம்பர்லயே பேசுவாரு. அது என்ன கணக்கு? (பொங்கோல் வாசகர்)

பதில்: உங்கப்பாவுக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க தம்பி, இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு ரொம்பச் சந்தோஷம். இந்தியாவுல மத்திய அரசும் எல்லா மாநிலமும் ஒரே கணக்குத் தலைப்புப் பட்டியலத்தான் வச்சிருக்காங்க. அரசியல் சட்டம் 150ஆவது பிரிவுப்படி, கணக்கு எந்த வடிவத்துல இருக்கணும்னு தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆலோசனை கேட்டுத்தான் குடியரசுத் தலைவர் முடிவு பண்ணுவாரு. முழு கோடு 15 இலக்கம், ஆறு படி. மொத நாலு இலக்கம் பெருந்தலைப்பு, அப்புறம் 2, 3, 2, 2, 2ன்னு உள்ள போகப் போக எந்தத் திட்டம், அதுல சம்பளமா மருந்தா வண்டி வாடகையாங்கிற வரைக்கும் வந்துரும்.

அந்த மொத நாலு இலக்கம் இருக்கே, அதுல மொத இலக்கம் காசோட தன்மையச் சொல்லும், மிச்ச மூணு இலக்கம் வேலையச் சொல்லும். மருத்துவம் 210. ஆஸ்பத்திரியிலேர்ந்து அரசாங்கத்துக்கு வர்ற கட்டணம் 0210, ஆஸ்பத்திரிய நடத்துற வருஷச் செலவு 2210, புதுசா கட்டடம் கட்டுற மூலதனச் செலவு 4210, அதுக்காகக் குடுக்குற கடன் 6210. மொத இலக்கத்த மட்டும் மாத்திக்கிட்டே போனா ஒரு துறையோட வரவு, செலவு, சொத்து, கடன் நாலும் கண்ணு முன்னாடி நிக்கும். கல்விக்கும் அதேதான், 0202, 2202, 4202, 6202. கம்ப்யூட்டர் எல்லா ஆபீசுக்கும் வர்றதுக்கு முன்னாடியே, கையால லெட்ஜர் எழுதுன ஆளுங்களுக்காக யோசிச்ச அமைப்பு இது. உங்கப்பா மாதிரி ஆளுங்க மனசுல பதிஞ்சதுல ஆச்சரியமே இல்ல.

குறையும் இருக்கு. அங்கயும் 800ன்னு ஒரு சிறுதலைப்பு, இதர செலவு, இதர வரவு. சரியான தலைப்பு இருந்தும் சோம்பல்ல இதுல போட்டுர்றாங்கன்னு மாநில நிதி பத்துன தணிக்கை அறிக்கைங்கள்ல திரும்பத் திரும்ப எழுதியிருக்காங்க. கோடு எவ்வளவு நல்லா இருந்தாலும் போடுற கை ஒழுங்கா போடணும்.

கேள்வி: சின்ன கேட்டரிங் கடை வச்சிருக்கேன். ஒரு அரசாங்க அலுவலகத்துக்குச் சாப்பாடு குடுத்தேன், இன்வாய்ஸ் கோடு தப்புன்னு ரெண்டு தடவை திரும்பி வந்துருச்சு, காசு வர தாமதம். நான் எந்த நம்பரப் போடணும்? (தேக்கா வாசகர்)

பதில்: நீங்க போட வேண்டியது எந்த அமைப்பு, அதுல எந்தப் பிரிவுங்கிற கோடு மட்டும்தான். அத ஆர்டர் குடுக்கும்போதே எழுத்துல கேட்டு வாங்கிடுங்க, சமைச்சு முடிச்சப்புறம் கேட்டா ஆளு கிடைக்க மாட்டாங்க. 2100ஆ வேற எதாங்கிற செலவுக் கோடு அவங்க வேலை, நீங்க யோசிக்க வேண்டாம்.

கேள்வி: எங்க தமிழ்ச் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். உறுப்பினர் 80 பேர்தான். எங்களுக்கெல்லாம் கோடு வேணுமா அக்கா? (ஜூரோங் வாசகர்)

பதில்: கண்டிப்பா வேணும். நான் பட்ட பாட்டச் சொல்றேன். பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு சங்கத்துல கணக்கு என் கைக்கு வந்துச்சு. இருக்குற மண்டபத்துலயே தொடரலாமா வேற இடம் பாக்கலாமான்னு செயற்குழுவுல பேச்சு, மூணு வருஷமா மண்டபத்துக்கு எவ்வளவு குடுத்திருக்கோம்னு கேட்டாங்க. ஒரு வருஷம் "வாடகை"ன்னு இருக்கு, அடுத்த வருஷம் "மண்டபம்", அதுக்கடுத்த வருஷம் "பொங்கல் விழா"க்குள்ளயே சேத்துட்டாங்க, மிச்சம் இதரல. நாலு வாரக் கடைசி ரசீதுக் கட்ட தரையில பரப்பி வச்சுக்கிட்டு உக்காந்தேன், அப்படியும் ஒரு விழாவோட ரசீது கிடைக்கல. யாரும் காசு எடுக்கல, எல்லாரும் நல்ல மனுஷங்க, ஆனா கேள்விக்குப் பதில் இல்லாததால கூட்டத்துல சந்தேகம் வந்துருச்சு, ரெண்டு மூத்தவங்க மனசு ஒடிஞ்சு விலகிட்டாங்க. அது இன்னும் எனக்கு வலிக்குது.

அதனால ஒரு பக்கத்துல முடிச்சுருங்க. 1ல ஆரம்பிச்சா சொத்து, 2 கடன், 3 நிதி, 4 வரவு, 5 செலவு. மண்டபம் 5100, சாப்பாடு 5200, அச்சு 5300ன்னு நடுவுல இடம் விட்டுப் போடுங்க, நாளைக்கு ஒலிபெருக்கி வாடகை தனியா வேணும்னா 5110ன்னு சொருகிக்கலாம். மண்டபத்துக்காரர் பேரையோ விழா பேரையோ கோடா வைக்காதீங்க. பொங்கலுக்கு எவ்வளவுன்னு தெரியணும்னா அதுக்குத் தனியா ரெண்டு இலக்கம் பின்னாடி சேத்துக்குங்க, 5100-01 பொங்கல், 5100-02 ஆண்டுக்கூட்டம்னு. ஒரு நம்பர நிறுத்திட்டா அதே நம்பர வேற செலவுக்குத் திருப்பிக் குடுக்கவே கூடாது. மாணவர் உதவிக்குன்னு யாராவது நன்கொடை குடுத்தா அத 3ல தனி நிதியா வைங்க, பொதுக் காசோட கலக்காதீங்க, நீங்க அறநிறுவனமாப் பதிவு பண்ணியிருந்தா அப்படிப் பிரிச்சுக் காட்டித்தான் ஆகணும்.

ரசீது கைக்கு வந்த அன்னைக்கே அது மேலயே பென்சில்ல கோட எழுதிடுங்க. வருஷக் கடைசியில மொத்தமா உக்காந்து எழுதுனா பாதி இதரலதான் போயி விழும்.